"மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்பதற்கு முன்: கடனில் சிக்காமல் குடும்பப் பணத்தை நடத்த ஒரு முழு வழிகாட்டி

டிவி வாங்கப் போனாலும் சரி, ஷோரூமில் பைக் பார்க்கப் போனாலும் சரி, "மாசம் எவ்வளவு வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். 2,200 என்றால் சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆறு மாதம் கழித்து இன்னொரு 1,800 சேரும். அப்புறம் வைத்த நகைக்கு வட்டி, மகளிர் குழுவுக்கு வாரத் தவணை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னத் தொகைதான். ஆனால் மொத்தக் கடன் எவ்வளவு, அதற்கு என்ன வட்டி என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வராது. கணவர் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது, மனைவி அடகு வைத்த சங்கிலி கணவருக்குத் தெரியாது.

கடனாளிகள் எல்லாரும் ஊதாரிகள் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், கல்யாணம், ஓடாத வியாபாரம் இவையெல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாரிடம் வாங்குவது, என்ன வட்டிக்கு வாங்குவது, எத்தனை நாளில் அடைப்பது என்பதெல்லாம் நாம் முடிவு செய்வது. நம் பொறுப்பு அந்த இடத்தில் இருக்கிறது. மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அந்த முடிவைக் கடன் கொடுப்பவரே நமக்காக எடுத்துவிடுகிறார்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம், பிள்ளைகளின் பழைய நோட்டு போதும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் மட்டும் ரகசியமாக எழுதும் கணக்கில் எப்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: யாருக்கு, இன்று முடிக்க எவ்வளவு, என்ன வட்டி, அடுத்த கெடு என்றைக்கு, என்ன அடமானம் அல்லது யார் ஜாமீன். வங்கிக் கடனும் பைக் கடனும் எல்லாருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போகிறவை வேறு:

- ஏலச்சீட்டில் ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டு. மீதித் தவணைகள் முழுக்கக் கடன்தான்.
- மளிகைக்கடை, மருந்துக்கடைப் பாக்கி.
- நீங்கள் ஜாமீன் போட்ட அடுத்தவர் கடன்.
- வரவேண்டிய சம்பளத்தில் எடுத்த அட்வான்ஸ்.
- திருப்பிச் செய்ய வேண்டிய மொய்.

கடைசியாகச் சொன்னதைப் படித்துச் சிரிக்காதீர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளில் லட்சக்கணக்கில் பணம் சேரும். கடையோ வீடோ கட்ட வட்டியில்லாமல் முதல் திரட்ட அது நல்ல ஏற்பாடு. ஆனால் வந்த ஒவ்வொரு மொய்யும் நோட்டில் ஏறுகிறது, அவர்கள் வீட்டு விருந்தில் கூடுதலாக வைத்துத் திருப்பியாக வேண்டும். வட்டி இல்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது.

சிபில் அறிக்கையையும், அதாவது உங்கள் பெயரில் உள்ள கடன்களின் வரலாற்றையும், எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மறந்துபோன பழைய கார்டு, எப்போதோ வாங்கிய மொபைல் தவணை, உங்கள் பெயரில் வேறு யாராவது எடுத்த கடன் எல்லாம் அதில்தான் தெரியவரும்.

படி 2: எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒருவர் "ரெண்டு வட்டி" என்கிறார், ஷோரூமில் "பன்னெண்டு பர்சன்ட் ஃபிளாட்" என்கிறார்கள், கார்டில் "மாதம் 3.5" என்று இருக்கிறது, தினமும் வசூலிக்கும் தண்டல்காரர் வட்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அளவுகோல் ஆளுக்கு ஒன்றாக இருந்தால் எது மலிவு என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஆண்டு வட்டிக்கு மாற்றுங்கள்.

ரெண்டு வட்டி சுலபம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. மூன்று வட்டி என்றால் 36. கேட்கும்போது சின்னதாக இருந்தாலும் வங்கிக் கடனைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

ஃபிளாட் வட்டியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பைக்குக்கு ஒரு லட்சம் கடன், மூன்று ஆண்டு, 12 விழுக்காடு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 36,000 வட்டி. மொத்தம் 1,36,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 3,778. இதில் என்ன தப்பு? மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி ஆண்டில் உங்கள் கையில் இருக்கும் கடன் மூன்றில் ஒரு பங்குதான். வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் போகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் இதே தவணை ஏறக்குறைய 21 விழுக்காட்டுக் கடனுக்குச் சமம். உண்மையிலேயே 12 விழுக்காடு குறையும் வட்டியாக இருந்தால் தவணை 3,321, மொத்த வட்டி 19,600-க்குள் முடிந்துவிடும். மாதத்துக்கு 457 ரூபாய் வித்தியாசம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மூன்று ஆண்டில் அது 16,000 ரூபாய்க்கு மேல்.

தோராயமாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக் கடனில் ஃபிளாட் வட்டியை 1.8-ஆல் பெருக்கினால் உண்மையான வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அடுத்து தண்டல். 10,000 ரூபாய்க் கடன், 1,500 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய் கட்ட வேண்டும். "நூறு நாளைக்கு 1,500 தானே, பதினஞ்சு பர்சன்ட்" என்று கணக்குப் போடுவோம். ஆனால் கையில் வந்ததே 8,500, அதையும் மறுநாளிலிருந்தே திருப்பிக்கொண்டிருக்கிறோம். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காட்டைத் தொடுகிறது. காலையில் வாங்கி மாலையில் விற்றுவிடும் காய்கறி, பூ வியாபாரத்தில் அன்றாட லாபம் அதைத் தாங்கலாம். வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தண்டல் வாங்கினால் தாங்குவதற்கு எதுவுமே இல்லை.

கிரெடிட் கார்டில் முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. கொஞ்சம் மீதி வைத்தாலும் கதை மாறுகிறது. மாதம் 3.5 விழுக்காடு வட்டி, அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. நிலுவை 50,000 என்றால் முதல் மாதமே 1,750 வட்டியும் 315 வரியும். 'மினிமம் டியூ' நிலுவையில் ஐந்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 2,500 கட்டுவீர்கள். அதில் அசலில் கழிவது 435 ரூபாய். அதோடு நிற்பதில்லை. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது இந்தக் கணக்கையெல்லாம் நாமே போட வேண்டும் என்றும் இல்லை. 2024 அக்டோபர் 1-லிருந்து வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் கிரெடிட் கார்டு நீங்கலாகச் சில்லறைக் கடன் எதைக் கொடுத்தாலும் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைத் தந்தாக வேண்டும். வட்டி, பிராசசிங் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை விழுக்காடு என்று ஒரே எண் அதில் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். தாளைக் காட்டத் தயங்கும் இடத்தில் கடன் வாங்கவே வேண்டாம்.

படி 3: பன்னிரண்டு மாதக் கணக்கு

வரவு செலவு எழுதச் சொன்னால் எல்லாரும் அரிசி, பால், பெட்ரோல், கரண்ட் பில் எழுதுவார்கள். அவை நம்மைக் கடனில் தள்ளுவது அரிது. தள்ளுகிறவை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவை. ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, பொங்கல் சீர், வண்டி இன்ஷூரன்ஸ், முகூர்த்த மாதங்களில் வரிசையாக வரும் மொய். தீபாவளி எந்த மாதம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், அப்படியும் ஒவ்வொரு ஆண்டும் அது அவசரச் செலவாகத்தான் வந்து நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். 72,000 வந்தால் மாதம் 6,000 உங்கள் செலவில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். சம்பளம் வந்த அன்றே அந்தப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அஞ்சலகத்தில் ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை போடும் சேமிப்பு) மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். இந்தத் தேவைக்கு வங்கியில் ஓராண்டு ஆர்டிதான் பொருத்தம்.

நகைக்கடைச் சீட்டு பலருக்கும் பிடித்தது. சேதாரத்தில் சலுகை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வங்கி வைப்பு இல்லை. வங்கி மூழ்கினால் ஐந்து லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கடை மூடினால் அப்படி எதுவும் கிடையாது, பணமாகத் திரும்பவும் தர மாட்டார்கள். நகைதான் வேண்டும் என்றால் போடுங்கள், அவசரத்துக்கு உதவும் என்று எண்ணிப் போடாதீர்கள்.

படி 4: எதை முதலில் அடைப்பது

பொதுவான பதில், வட்டி அதிகமானதை முதலில். கிட்டத்தட்ட எப்போதும் அது சரி. சின்னக் கடன்களை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் 40 விழுக்காட்டுக் கடனை ஓடவிட்டு 10 விழுக்காட்டுக் கடனை முடிக்கும் உற்சாகத்துக்கு விலை கொஞ்சம் அதிகம்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. வட்டியை முன்கூட்டியே பிடித்துவிட்ட தண்டலையும், சீக்கிரம் கட்டினாலும் வட்டியைக் குறைக்காத ஃபிளாட் கடனையும் அவசரப்பட்டு முடிப்பதில் லாபம் இல்லை. கட்ட வேண்டிய தொகை மாறப்போவதில்லையே. "இன்றே முடித்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்றும் குறையாது என்றால் தவணைப்படியே கட்டி முடியுங்கள், அது முடியும் நாளில் புதுத் தண்டல் மட்டும் எடுக்காதீர்கள். கையில் மிஞ்சும் பணத்தைக் கார்டுக்குத் திருப்புங்கள்.

மேலே சொன்ன 50,000 கார்டு நிலுவையையே எடுத்துக்கொள்வோம். கார்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மாதம் 2,500 விடாமல் கட்டினால் முடிய 44 மாதம் ஆகும், மொத்தம் 1,08,000 ரூபாய் போகும். மாதம் 6,000 கட்டினால் 11 மாதம், மொத்தம் 62,600-க்குள். அதே 50,000-ஐ 10 விழுக்காட்டு நகைக்கடனாக எடுத்துக் கார்டை ஒரே நாளில் அடைத்து, நகைக்கடனை ஓராண்டில் மாதாமாதம் கட்டித் தீர்த்தால் வட்டி 2,750 அளவில் நின்றுவிடும்.

கடனை அடைக்கக் கடன் வாங்காதே என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. வட்டி நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்றால் அந்த விதியைத் தாராளமாக மீறலாம், ஒரு நிபந்தனையோடு: அடைத்த அன்றே கார்டை ரத்து செய்யுங்கள், அல்லது அதன் வரம்பைப் பத்தாயிரத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டிலும் நிலுவை இருக்கும்.

வீட்டுக் கடன் இந்த வரிசையில் கடைசி. ஆனால் அங்கும் தவணை நம்மை ஏமாற்றும். 25 லட்சம், 8.5 விழுக்காடு, 20 ஆண்டு என்றால் மாதம் 21,700 அளவில் வரும், மொத்தம் 52 லட்சம் கட்டுவீர்கள். வட்டி ஏறும்போது தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டிவிடுவது வங்கிகளின் வழக்கம். மாதம் பிடிக்கும் தொகை மாறாததால் நாமும் கவனிக்க மாட்டோம். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை கிளையில் கணக்குத் தாளை வாங்கி, இன்னும் எத்தனை மாதம் என்று பாருங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அதில் ஒரு பகுதியை அங்கே போடலாம்.

படி 5: நகையை வைப்பதாக இருந்தால்

தமிழ்நாட்டு வீடுகளில் அவசர நிதி என்றால் கழுத்திலும் காதிலும் இருப்பதுதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நகைக்கடன் மலிவான கடன்களில் ஒன்று. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலோ பத்தை ஒட்டியோ இருக்கும் வட்டி, தனியார் நிறுவனத்தில் திட்டத்தைப் பொறுத்து 24 வரைகூடப் போகும். வங்கியில் அரை நாள் காத்திருக்க வேண்டும், தனியாரில் அரை மணி நேரத்தில் பணம். அந்த அரை நாளின் விலையை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தனியார் திட்டங்களில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "மாசா மாசம் வட்டி கட்டாவிட்டால் என்ன ஆகும்?" விளம்பரத்தில் உள்ள வட்டி பல திட்டங்களில் மாதாமாதம் கட்டுகிறவருக்கு மட்டும். இரண்டு மூன்று மாதம் தவறினால் மேல் படிக்கு ஏறிவிடும்.

நகையின் மதிப்பில் எவ்வளவு தரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி 2.5 லட்சம் வரையுள்ள கடனுக்கு 85 விழுக்காடு, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நடைமுறைக்கு வரக் கெடு 2026 ஏப்ரல் 1. கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது.

எவ்வளவு தருவார்களோ அவ்வளவையும் வாங்கிவிடாதீர்கள். 40,000 தேவை என்றால் ஒரு மோதிரத்தோடு போகலாம், நாலு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தனித்தனி ரசீதாக வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கவும் முடியும்.

ஒவ்வோர் ஆண்டும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போகும் நகை நம்முடையது என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை. மூன்றாவது முறை மாற்றி வைக்கப் போகும்போது ஒரு முடிவெடுங்கள். மீட்க வழியே இல்லை என்றால் ஏலத்துக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். மீட்டு, அன்றைய விலைக்கு நாமே விற்று, கடன் போக மீதியை எடுத்துக்கொள்வது மேல். ஒருவேளை ஏலம் போய்விட்டால் கடன் போக மிஞ்சும் தொகை உங்களுடையது, அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட்டே விட்டுவிடுகிறார்கள்.

2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தல் பேச்சையும் நம்பி வட்டியைக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளுபடி வந்தால் சந்தோஷம், அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

படி 6: ஆப் கடனும் 'நோ காஸ்ட்' தவணையும்

வட்டியில்லாத தவணை என்று ஒன்று கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-ல் அப்படித்தான் சொன்னது. கடைக்காரர் தரவேண்டிய தள்ளுபடி வட்டியாகப் போகிறது, அல்லது விலையில் ஏறியிருக்கிறது. "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டால் வட்டி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அத்துடன் பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் வரும்.

ஆப் கடனுக்கு 2022 செப்டம்பர் முதல் விதிகள் இருக்கின்றன. பணம் கடன் கொடுக்கும் வங்கியிலிருந்தோ நிதி நிறுவனத்திலிருந்தோ நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் தொடர்பு எண்கள், படங்கள், கோப்புகளை ஆப் தொடக் கூடாது. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றால் அபராதமில்லாமல் திருப்பித் தர ஒரு கால அவகாசமும் தர வேண்டும். கான்டாக்ட் லிஸ்டைக் கேட்கிற ஆப் எதற்காகக் கேட்கிறது என்று நினைக்கிறீர்கள்? நாளைக்கு உங்கள் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போடத்தான். அதைப் பார்த்தவுடனே ஆப்பை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே மிரட்டல் தொடங்கிவிட்டது என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

படி 7: முகதாட்சணியத்துக்குப் போடும் கையெழுத்து

ஜாமீன் போடுவதை நம் ஊரில் ஒரு மரியாதையாகக் கேட்கிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணே." இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: அந்தத் தொகையை என் கையிலிருந்தே அவருக்குக் கொடுப்பேன் என்றால் ஜாமீன் போடுவேன். இல்லையென்றால் "வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம், யாருக்கும் போடுவதில்லை" என்று சொல்லிவிடலாம். ஒருநாள் மனஸ்தாபத்தோடு போய்விடும்.

தொகை எழுதாத காசோலை, நிரப்பாத புரோநோட்டு இரண்டையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. எழுதாத இடத்தில் யார் எந்தத் தொகையை எழுதுவார்கள் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது.

சீட்டில் சேருவதற்கு முன் அது 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேட்டு ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். நடத்துபவரின் கமிஷன் ஏழு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தெருவில் அக்கா ஒருவர் நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கு இதெல்லாம் இருக்காது. நம்பிக்கையில் போடுகிறீர்கள், போனாலும் குடும்பம் ஆடாத அளவுக்குப் போடுங்கள். முதல் மாதங்களில் அதிகத் தள்ளுக்கு, அதாவது சீட்டுத் தொகையில் நிறைய விட்டுக்கொடுத்து, சீட்டை எடுப்பது வட்டிக்கு வாங்குவதுதான். கையில் வரும் தொகையையும் இனிமேல் கட்டப்போகும் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 8: அடுத்த அவசரத்துக்கு இப்போதே

கடன் முழுக்க அடைந்த பிறகுதான் சேமிப்பு என்று இருக்காதீர்கள். ஒரு மாதச் செலவையாவது தனியாக வைத்துவிட்டு அப்புறம் கடனைத் துரத்துங்கள். இல்லையென்றால் வண்டி பஞ்சரானாலும் கார்டைத்தான் தேய்ப்பீர்கள். கடன் குறையக் குறைய அதை மூன்று மாதம், ஆறு மாதம் என்று வளர்க்கலாம்.

நல்லபடியாக ஓடிய குடும்பத்தை ஒரே வாரத்தில் கடனில் தள்ளுவது ஆஸ்பத்திரி. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டையை ஆட்சியர் அலுவலக மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள், ஐசியு வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்றிதழுக்கு அலைய முடியாது. வருமானம் அதற்கு மேல் என்றால் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுங்கள். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களில் உண்டு. வீட்டுக் கடனோ பெரிய தொழில் கடனோ இருந்தால் அது போதாது, கடன் அளவுக்காவது டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்க வேண்டும்.

படி 9: கட்ட முடியாமல் போனால்

தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததும் தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போங்கள். வேலை போனது, உடம்பு சரியில்லை என்பதற்கான ஆதாரத்தோடு எழுத்தில் கேளுங்கள்: காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா? சம்மதிப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் போனை எடுக்காமல் மூன்று மாதம் ஒளிந்தவருக்குக் கிடைப்பதைவிட நல்ல பதில் கிடைக்கும். ஒரு தொகை கொடுத்து 'செட்டில்மென்ட்' செய்துகொள்வது கடைசி வழி. முழுதாகக் கட்டி முடித்ததாக இல்லாமல், செட்டில் ஆனதாக சிபில் அறிக்கையில் நிற்கும், அடுத்த கடனுக்கு அது தடை.

கடன் பாக்கி இருப்பதால் உங்களை யார் வேண்டுமானாலும் அவமானப்படுத்தலாம் என்று இல்லை. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. உறவினர்களுக்குச் சொல்வது, மிரட்டுவது எதுவும் கூடாது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், விவரம் கேட்க 14448.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றில் அநியாய வட்டி வசூலிப்பதைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கிய கடனுக்கு உரிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்திக் கணக்கை முடிக்க மனுப் போடவும் அதில் வழி இருக்கிறது. கொடுத்ததற்கும் கட்டியதற்கும் சாட்சி வேண்டும் என்பதால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள். 2025-ல் வந்த இன்னொரு மாநிலச் சட்டம், கடன் தரும் நிறுவனங்கள் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டி வசூலிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

கடன் நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் யாரிடமாவது அப்படித் தெரிந்தால், உடனே 104-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். பணக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 10: கடைசித் தவணைக்குப் பிறகு

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து, காகிதத்தை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். கடன் முடிந்ததற்கான சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்திருந்த காசோலைகளையும் புரோநோட்டையும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்குங்கள், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் அனுமதியையும் நிறுத்துங்கள். வீட்டுக் கடன் என்றால் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அடமானப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீதுப் பத்திரம் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டிக் கடனுக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 35 கொடுத்து ஆர்சி புத்தகத்திலிருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஐந்து ஆண்டு கழித்து வண்டியை விற்கும்போது, அந்தக் கிளையே மூடியிருக்க, சான்றிதழுக்கு அலைய வேண்டி வரும். இரண்டு மாதம் கழித்து சிபிலில் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பைக்குக்குக் கட்டிவந்த அந்த 3,778 ரூபாயை அதே தேதியில் ஆர்டிக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.